இடப்பக்கம் வாசிக்க, வலப்பக்கம் எழுத: இரட்டைத் திரைக் கணினியை வடிவமைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய நூல்களை மறுபதிப்புக்குத் தயார் செய்வது என் வேலை. ஸ்கேன் செய்த மூலப் பக்கத்தைத் தட்டச்சான பிரதியோடு வரிவரியாக ஒப்பிட்டு மெய்ப்பு பார்ப்பேன், நாளுக்கு ஆறேழு மணி நேரம். மடிக்கணினித் திரையை இரண்டாகப் பிரித்தால் மூலம் எறும்பு எழுத்தாகச் சுருங்குகிறது. முழுத்திரையில் வைத்துச் சன்னல் மாற்றிக்கொண்டே இருந்தால் எந்த வரியில் விட்டோம் என்பது மறந்துபோகிறது. மாலையில் கண் எரியும். அதற்குப் பிறகு ஒரு நாவலைத் திரையில் திறக்க மனம் வராது.

அதனால் ஒரு கணினியை மனதுக்குள் கட்டிக்கொண்டே இருந்தேன். புத்தகம்போல் திறக்க வேண்டும். இடப்பக்கம் காகிதம்போல் அமைதியான இ-இங்க் திரை, வலப்பக்கம் வழக்கமான வண்ணத்திரை. பகலில் அது வேலைக்கருவி, இரவில் அதுவே இ-ரீடர். இரண்டு ஆண்டுகளில் காகிதத்தில் வரைந்து, அட்டையில் வெட்டி, ஒரு திரையை உடைத்து, கடைசியில் ஒரு வடிவத்துக்கு வந்து சேர்ந்தேன். அந்த வழியைப் படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் வேலை வேறு என்றால் சில முடிவுகள் மாறும். எங்கே மாறலாம் என்பதையும் ஆங்காங்கே சொல்கிறேன்.

தொடங்கும் முன்: முன்னால் முயன்றவர்கள்

இந்த ஆசை பலருக்கு வந்திருக்கிறது. 2008 மே மாதம் ஒன் லேப்டாப் பெர் சைல்ட் அமைப்பு எக்ஸ்ஓ-2 என்ற மாதிரியைக் காட்டியது. இரண்டு தொடுதிரை, புத்தக மடிப்பு, 75 டாலர் இலக்கு விலை. அது தயாரிப்புக்கு வரவே இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் கூரியர் 2010 ஏப்ரலில் கைவிடப்பட்டது. அதே ஆண்டு தோஷிபா லிப்ரெட்டோ டபிள்யூ100 இரண்டு 7 அங்குலத் திரைகளோடு வந்தது. இவை எல்லாவற்றிலும் இரண்டு திரையும் ஒரே வகை; நீண்ட நேரம் வாசிக்கிற கண்ணுக்கு அதனால் பெரிய ஆறுதல் இல்லை.

என் கனவுக்கு மிக அருகில் வந்தவை இரண்டு. 2010இல் வந்த என்டூராஜ் எட்ஜ் ஒரு பக்கம் 9.7 அங்குல இ-இங்க், மறுபக்கம் 10.1 அங்குல எல்சிடி கொண்டது. இ-இங்க் பக்கத்தில் பேனாவால் எழுதலாம். யோசனை அருமையானது, ஆனால் எடை ஒரு கிலோவைத் தாண்டியது; 2011இல் நிறுத்தினார்கள். 2018இல் லெனோவோ யோகா புக் சி930 வந்தது. இரண்டும் 10.8 அங்குலம், எடை 800 கிராமுக்குள். அதில் இ-இங்க் திரைக்குக் கிடைத்த முதன்மை வேலை விசைப்பலகை. வாசிக்க மிக நல்ல பரப்பின் மேல் விரலால் தட்டிக்கொண்டிருப்பது எனக்கு மனவருத்தம் தந்தது.

இவற்றை வரிசையாகப் பார்த்தபோது ஒன்று தெளிவானது. எந்தத் திரைக்கு எந்த வேலை என்பதைக் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் இருந்தால்தான் இந்தச் சாதனம் அமையும். இடது வாசிக்க, வலது எழுத. இதை எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு குழப்பத்தையும் இதுதான் தீர்த்துவைத்தது.

முதல் படி: உங்கள் பக்கத்தை ஸ்கேலால் அளந்து பாருங்கள்

எல்லாரும் சிப்பில் தொடங்குகிறார்கள். நீங்கள் புத்தக அலமாரியில் தொடங்குங்கள். அதிகம் வாசிக்கும் பத்து நூல்களை எடுத்து, பக்கத்தின் நீள அகலத்தைக் குறியுங்கள்.

தமிழ்ப் பதிப்புலகில் பெரும்பாலான நூல்கள் டெமி 1/8 அல்லது கிரவுன் 1/8 அளவில் வருகின்றன. டெமி ஏறத்தாழ 14 x 21.5 செ.மீ., கிரவுன் ஏறத்தாழ 12.5 x 18.5 செ.மீ. இப்போது திரைகளைப் பாருங்கள். 6 அங்குல இ-ரீடரின் காட்சிப் பரப்பு 9 x 12 செ.மீ. சுற்றளவே. டெமி நூலின் ஸ்கேன் அதில் பாதி அளவுக்குச் சுருங்கிவிடும். எழுத்தைப் பெருக்கவும் முடியாது, ஏனென்றால் அது படம். 7.8 அங்குலத் திரை 11.9 x 15.8 செ.மீ., கிரவுனுக்கு ஓரளவு போதும். 10.3 அங்குலத் திரை 15.7 x 20.9 செ.மீ., டெமி பக்கத்தை ஏறக்குறைய அச்சிட்ட அளவிலேயே காட்டும். ஓர வெள்ளையை வெட்டிவிட்டால் அச்சை விடச் சற்றுப் பெரிதாகவே தெரியும். ஏ4 ஆய்வுக் கட்டுரைகள்தான் உங்கள் வாசிப்பு என்றால் 13.3 அங்குலம் வேண்டும். ஆனால் அது கையில் பிடிக்கும் சாதனம் என்ற நிலையைத் தாண்டிவிடும்.

நான் 10.3ஐத் தேர்ந்தேன். அதன் புள்ளிகள் 1872 x 1404, அங்குலத்துக்கு 227. 6 அங்குல இ-ரீடர்களில் வரும் 300 புள்ளி அடர்த்தி இதில் இல்லை. பழைய ஈய அச்சு ஸ்கேனுக்கு 227 தாராளம். ஸ்கேனே பெரும்பாலும் அவ்வளவு தெளிவாக இருக்காது.

வண்ண இ-இங்க் வேண்டுமா என்று கேட்பீர்கள். கலைடோ 3 வகையில் கறுப்பு வெள்ளைக்கு 300 புள்ளி, வண்ணத்துக்கு 150 புள்ளி. வண்ணம் வருவது மேலே போர்த்திய ஒரு வடிகட்டியால், அதனால் வெள்ளைப் பரப்பு கொஞ்சம் மங்கும். பக்கத்திலேயே ஒரு வண்ணத்திரை இருக்கும்போது அந்த வெண்மையை இழக்க எனக்கு மனமில்லை.

இரண்டாம் படி: அட்டையும் அரிசியும்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். என் வடிவமைப்பையே தலைகீழாக மாற்றியது இந்தப் படிதான்.

பாம் பைலட் என்ற கையடக்கக் குறிப்புக் கணினியை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ் அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார். யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால் கட்டையை எடுத்துக் குறிப்பதுபோல் நடித்துப் பார்த்தார். அதே வழி. காலண்டர் அட்டையில் 18 x 24 செ.மீ. அளவில் இரண்டு பலகை வெட்டி, துணி நாடாவால் கீல் ஒட்டுங்கள். சின்னப் பொட்டலங்களில் அரிசியை நிறுத்துப் போட்டு ஒவ்வொரு பலகைக்குள்ளும் ஒட்டுங்கள். எதிர்பார்க்கும் எடை ஒரு பாதிக்கு 420 கிராம் என்றால் அவ்வளவு அரிசி. அப்புறம் ஒரு வாரம் அதைத் தூக்கிக்கொண்டு திரியுங்கள். பேருந்தில் மடியில் வையுங்கள். மேசையில் திறந்து நிறுத்துங்கள். படுத்துக்கொண்டு பிடித்துப் பாருங்கள்.

எனக்கு மேசையில் எல்லாம் சரியாக இருந்தது. படுக்கையில்தான் கதை மாறியது. முழுக்கத் திருப்பி மடித்து, 840 கிராமை ஒரு கையில் பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலித்தது. 360 பாகை சுழலும் கீல் என்று வரைந்து வைத்த படங்களை எல்லாம் அன்றிரவே ஓரம் கட்டினேன். இடப்பாதி கழன்று தனியாக வர வேண்டும். 420 கிராமை ஒரு மணி நேரம் பிடிக்க முடிந்தது.

கழற்றிவிடலாம் என்றால் ஒரு இ-ரீடரும் ஒரு மடிக்கணினியும் தனித்தனியே வைத்துக்கொண்டால் போதாதா? நானும் பல நாள் இதையே யோசித்தேன். எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் உறவு. இடப்பக்கத்தில் ஒரு வரியைக் குறித்தால் அது பக்க எண்ணோடு வலப்பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். இரண்டும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில், கண் அசைவு குறையும்படி பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒரே கேபிளில் இரண்டும் சார்ஜ் ஆக வேண்டும்.

மூன்றாம் படி: வாசிக்கும் பாதி

இ-இங்க் திரைக்குள் தலைமுடியின் தடிமன் அளவுக்கு நுண்ணிய குமிழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தெளிந்த திரவம், அதில் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளை, கறுப்புத் துகள்கள். மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், மற்றது கீழே போகும். மின்சாரத்தை நிறுத்தினாலும் துகள் இருந்த இடத்திலேயே நிற்கும். அதனால்தான் பக்கம் திருப்பும்போது மட்டும் மின்சாரம் செலவாகிறது. துகள் நகர நேரம் பிடிப்பதால்தான் இந்தத் திரை மெதுவாக இருக்கிறது. முந்தைய பக்கத்தின் நிழல் லேசாகத் தங்குவதும் அதே காரணத்தால்.

இதை இயக்க இரண்டு வழி சொல்வேன்.

கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர்களுக்கு முதல் வழி: 10.3 அங்குலப் பலகையும் ஐடி8951 கட்டுப்படுத்திப் பலகையும் சேர்ந்த தொகுப்பு கிடைக்கிறது. அதை ராஸ்பெர்ரி பை என்ற சின்ன ஒற்றைப்பலகைக் கணினியோடு எஸ்பிஐ என்ற கம்பி இணைப்பு அல்லது யூஎஸ்பி வழியாக இணைக்கலாம். இதில் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். திரையின் ரிப்பன் கேபிளில் விகாம் என்று ஒரு எதிர்மறை மின்னழுத்த எண் அச்சாகியிருக்கும், -1.50 என்பதுபோல. திரைக்குத் திரை அது வேறுபடும். உங்கள் திரையில் உள்ள எண்ணையே மென்பொருளில் கொடுக்க வேண்டும். தவறினால் சாம்பல் நிறங்கள் வெளுக்கும், நிழல் அதிகமாகும். திரையை முழுதாக ஒட்டிய பிறகு அந்த எண்ணைப் படிக்க முடியாது. முதலிலேயே புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றாடம் பயன்படுத்தவே வேண்டும் என்பவர்களுக்கு இரண்டாம் வழி: பைன்64 நிறுவனம் வெளியிட்ட பைன்நோட் என்ற இ-இங்க் டேப்லெட்டையே இடப்பாதியாக எடுத்துக்கொள்வது. அதே 10.3 அங்குலத் திரை, ஆர்கே3566 சிப், 4 ஜிபி நினைவகம், 4000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி, பேனா, முன்விளக்கு எல்லாம் அதில் உண்டு. ஆர்கே3566 சிப்புக்குள்ளேயே இ-இங்க் கட்டுப்படுத்தி இருப்பதால் தனிப்பலகை தேவையில்லை. லினக்ஸ் ஓடும். நான் முதல் வழியில் மூன்று மாதம் செலவழித்து நிறையக் கற்றேன்; இறுதி வடிவத்துக்கு இரண்டாவதைத்தான் எடுத்தேன்.

எந்த வழியானாலும் புதுப்பிப்பு முறைகளைப் பழகிக்கொள்ளுங்கள். ஜிசி16 முறை 16 சாம்பல் நிலைகளையும் சுத்தமாகக் காட்டும், ஏறத்தாழ அரை நொடி எடுக்கும், ஒருமுறை கண் சிமிட்டும். ஏ2 முறை கறுப்பு வெள்ளை மட்டும், பல மடங்கு வேகம், நிழல் அதிகம். பக்கம் திருப்ப முதலாவது, பக்கத்தை நகர்த்தவும் பட்டியல்களைத் திறக்கவும் இரண்டாவது. எல்லாவற்றுக்கும் ஒரே முறையை வைத்துவிட்டு இ-இங்க் சரியில்லை என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் முதல் திரை உடைந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பைக்குள் எவர்சில்வர் டிபன் பாக்ஸின் மூலை அதன்மேல் அழுந்தியிருந்தது. வெளியே ஒரு கீறல் இல்லை, ஆனால் திரையின் கால்வாசி உறைந்துபோனது. இ-இங்க் படலத்துக்கு அடியில் இருப்பது மிக மெல்லிய கண்ணாடி. அதற்குப் பின்னால் ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத அலுமினியத் தகடு வையுங்கள், நான்கு ஓரமும் மெத்தை நாடா ஒட்டுங்கள், மூடும்போது இரு திரைகளும் தொடாதபடி 2 மி.மீ. இடைவெளி விடுங்கள்.

நான்காம் படி: எழுதும் பாதி

கடையில் எளிதாகக் கிடைப்பது 10.1 அங்குலம், 16:10 விகிதம். அதை நிமிர்த்தி 4:3 இ-இங்க்குக்குப் பக்கத்தில் வைத்தால் ஒன்று ஒல்லி, ஒன்று அகலம். நாள் முழுக்கப் பார்க்க உறுத்தும். பழைய ஐபேட்களில் வந்த 9.7 அங்குல, 2048 x 1536 பலகை 4:3 விகிதம்தான். காட்சிப் பரப்பு 14.8 x 19.7 செ.மீ. உயரத்தில் மேலும் கீழும் 6 மி.மீ. மட்டுமே வித்தியாசம், சட்டம் அதை மறைத்துவிடும். எச்டிஎம்ஐ சிக்னலை அந்தப் பலகைக்கு ஏற்ப மாற்றித் தரும் சின்னப் பலகைகளும் கிடைக்கின்றன.

மூளைக்கு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட் மாட்யூல் 5, 8 ஜிபி. அளவு 55 x 40 மி.மீ. இதைத் தேர்ந்ததற்குக் காரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ராஸ்பெர்ரி பையில் மடிக்கணினிபோல் தூங்கி எழும் வசதி இல்லை. இ-ரீடருக்கு அது பெரிய குறை. ஆனால் வாசிக்கும் பாதிக்குத் தனி மூளை கொடுத்துவிட்டோம். பக்கத்தைத் திறந்து வைத்துக் காத்திருப்பது அதன் வேலை. எழுதும் பாதியை வேலை முடிந்ததும் முழுக்க அணைத்துவிடலாம். இரண்டு மூளை வைத்ததால் கிடைத்த பெரிய நிம்மதி இது.

ஐந்தாம் படி: முதுகெலும்பு

இரண்டையும் இணைக்கும் பகுதியை நான் முதுகு என்றே அழைக்கிறேன். அது வலப்பாதியோடு நிரந்தரமாகச் சேர்ந்திருக்கும். இடப்பாதி காந்தத்தால் அதில் ஒட்டும்.

வழியே என்ன போக வேண்டும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். இ-இங்க்கை இயக்க 15 வோல்ட் அளவுக்கு நேர், எதிர் மின்னழுத்தங்களும் நெருக்கமான பல கம்பிகளும் வேண்டும். அவற்றைக் கீல் வழியே கொண்டுபோக நினைக்காதீர்கள். மடித்து மடித்து ரிப்பன் கேபிள் அறுந்துவிடும். கட்டுப்படுத்தி திரையோடு ஒரே பாதியில் இருந்தால் முதுகைத் தாண்ட வேண்டியது யூஎஸ்பி 2.0 மட்டும், நான்கே கம்பி. வேகம் போதுமா? 1872 x 1404 புள்ளிகள், புள்ளிக்கு 4 பிட். ஒரு பக்கம் 1.3 எம்பி. யூஎஸ்பி 2.0க்கு இது ஒரு சுமையே இல்லை. மின்சாரமும் அதே வழியில் போகும்.

ஸ்பிரிங் வைத்த போகோ பின்கள்தான் அழகான தீர்வு. முதல் மாதிரியிலேயே அதற்குப் போக வேண்டாம். சின்ன யூஎஸ்பி-சி கேபிளை முதுகில் வளைத்து வைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள். எல்லாம் நிலைபெற்ற பிறகு பின்களுக்கு மாறுங்கள்.

கீல் 0 முதல் 180 பாகை வரை திரும்பினால் போதும். பின்னால் ஒரு தாங்கி, மேசையில் 60 பாகைச் சாய்வில் நிற்க. விசைப்பலகை தனி, புளூடூத். உண்மையான விசைகள் அழுந்த வேண்டும். தமிழ்99இல் வேகமாகத் தட்டும் கைக்குக் கண்ணாடிமேல் தட்டுவது தண்டனை.

ஆறாம் படி: பேட்டரிக் கணக்கு

இடப்பாதியின் 4000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 15 வாட் மணி. வலப்பாதிக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, 30 வாட் மணி. மூளையும் பின்விளக்கும் சேர்ந்து சராசரி 7 வாட் இழுத்தால் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். அரை நாள் வேலைக்குச் சரி. இன்னும் பெரிய பேட்டரி போட்டால் எடை ஏறும். அட்டையும் அரிசியும் மறந்துவிட வேண்டாம்.

பாதுகாப்புச் சுற்று உள்ள பேட்டரி மட்டும் வாங்குங்கள். அது வயதாகும்போது உப்பும், அதனால் மேலே 1 மி.மீ. காலி இடம் விடுங்கள். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பேட்டரிக்கும் ஆகாது; இ-இங்க் திரைகளும் பொதுவாக 50 டிகிரி வரைதான் இயங்கும்படி செய்யப்பட்டவை.

ஏழாம் படி: மென்பொருள், அதில் தமிழ்

இடப்பக்கத்துக்கு கேஓரீடர் என்ற வாசிப்புச் செயலி. கட்டற்ற மென்பொருள், பிடிஎஃப், இபப், டிஜேவியு எல்லாம் திறக்கும், ஓர வெள்ளையைத் தானே வெட்டும், எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை முழுப் புதுப்பிப்பு என்பதை நாமே வைக்கலாம். நான் ஆறு பக்கத்துக்கு ஒருமுறை வைத்திருக்கிறேன்.

தமிழுக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். யுனிகோடில் ‘கெ’ என்று எழுதினால் முதலில் ‘க’ சேமிக்கப்படும், அதன் பின்தான் ஒற்றைக் கொம்பு. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’வில் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இந்த வரிசை மாற்றத்தைச் செய்வது ஹார்ஃப்பஸ் போன்ற, எழுத்துகளைத் திரையில் கோத்து அமைக்கும் மென்பொருள். கேஓரீடரின் எழுத்திடைவெளி அமைப்பில் மிகச் சிறந்தது என்ற நிலையைத் தேர்ந்தால் அது முழுதாக வேலை செய்யும். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை அதன் எழுத்துருக் கோப்புறையில் போட்டு, தடிமனை ஒரு படி கூட்டுங்கள். மெல்லிய கோடுகள் 227 புள்ளியில் வெளிறித் தெரியும்.

மின்னூல்களுக்குக் குறைவில்லை. மதுரைத் திட்டம் 1998 முதல் இலக்கியங்களை எழுத்து வடிவில் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஈழத்து நூலகம் திட்டத்திலும் ஸ்கேன் பிரதிகள் மலைபோல் குவிந்திருக்கின்றன. இந்த ஸ்கேன்களுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

வலப்பக்கத்தில் தட்டச்சுக்கு ஒரு எளிய எழுதி மென்பொருளும், ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் டெசரக்ட் எழுத்துணரியும் போதும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் லை, னை, ணை போன்றவை யானைத் துதிக்கைபோல் வளைந்த பழைய வடிவத்தில் இருக்கும். எழுத்துணரி அங்கே தடுமாறும். அந்த இடங்களை மூலத்தோடு வைத்துப் பார்த்துக் கைப்படத் திருத்தத்தான் வேண்டும். இரண்டு திரையும் பக்கத்தில் இருப்பதன் அருமை அப்போதுதான் முழுதாகப் புரியும்.

இரு பாதிகளுக்கும் நடுவே யூஎஸ்பியையே ஒரு வலையமைப்பாக லினக்ஸில் அமைத்து, சின்க்திங் என்ற கோப்பு ஒத்திசைவு மென்பொருள் மூலம் ஒரு கோப்புறையைப் பகிருங்கள். கேஓரீடர் குறிப்புகளைப் பக்க எண்ணோடு மார்க்டவுன் என்ற எளிய உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும். அது பகிர்ந்த கோப்புறையில் விழும். எழுதியில் அந்தக் கோப்பு திறந்தே இருக்கும். இடப்பாதியைக் கழற்றிக்கொண்டு போய்ப் படுக்கையில் குறித்தவை, காலையில் முதுகில் ஒட்டியதும் வந்து சேரும்.

எட்டாம் படி: பெட்டியும் ஒரு வாரச் சோதனையும்

வெளிப்பெட்டியை முப்பரிமாண அச்சில் எடுப்பதானால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வேண்டாம், வெயிலில் வளைந்துவிடும், பெட்ஜி என்ற வகை நல்லது. பசையால் மூடாமல் திருகாணி போடுங்கள். முதல் ஆறு மாதத்தில் இருபது முறையாவது திறப்பீர்கள்.

பிறகு உண்மையான வேலையைக் கொடுங்கள். நான் கொடுத்தது 1950களில் அச்சான ஒரு கட்டுரைத் தொகுப்பு, 14 ஃபாரம், 224 பக்கம். ஏழு நாளும் மடிக்கணினியைத் தொடக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். எங்கெல்லாம் கை தன்னால் மடிக்கணினியைத் தேடியது என்பதை ஒரு தாளில் குறித்தேன். முதல் நாள் பதினொரு குறிப்பு. பெரும்பாலும் விசைப்பலகைக் குறுக்குவழிகள். நான்காம் நாள் இரண்டு. ஆறாம் நாள் தாள் காலியாக இருந்தது, அன்றிரவு இடப்பாதியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு போய் நெடுநாள் தள்ளிப்போட்ட நாவலில் எண்பது பக்கம் வாசித்தேன்.